க்ளிப் திக்கித் திக்கி ஓடுது: ரெசல்யூம், எல்இடி சுவர், 25 ஃப்ரேம். எங்கே மாட்டுது?

#1 சாட்ஸ்வொர்த்_மேடை

வணக்கம். அரங்கேற்றம், தைப்பூச மேடை, கல்யாண ஹால் இவற்றுக்குப் பின்திரை ஓட்டுற செட்டப். வீடியோ திக்கித் திக்கி ஓடுது. விவரத்தை முழுசாப் போடறேன்.

மேடையில வீடியோ ஓட்டுற மென்பொருள் ரெசல்யூம் அரீனா 7. விண்டோஸ் 11 லேப்டாப், 8 கோர் சிபியு, 16 ஜிபி ரேம், 6 ஜிபி தனி கிராபிக்ஸ் கார்டு. எச்டிஎம்ஐ வழியா எல்இடி பிராசஸருக்கு (படத்தைச் சுவர்ப் பேனல்களுக்குப் பிரிச்சு அனுப்புற பெட்டி) 1080பி, 60 ஹெர்ட்ஸ். சுவர் 3.9 மி.மீ. பிட்ச் (பிக்சலுக்கும் பிக்சலுக்கும் உள்ள இடைவெளி), அரை மீட்டர் பேனல், குறுக்கே 12, உயரத்துக்கு 6. கம்போசிஷன் (எல்லா லேயரும் சேர்ந்து உருவாகுற முழுப் படம்) 3840 × 2160. க்ளிப் பெரும்பாலும் 4கே எச்.264 எம்பி4, 25 ஃப்ரேம். வாங்கின லூப் கொஞ்சம் இருக்கு, அது 30 ஃப்ரேம். எல்லாம் வெளி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல. ஒரே நேரத்துல நாலு லேயர், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா நாலு க்ளிப், ஓடும்.

கோளாறு மூணு விதமா வருது.

புது க்ளிப்பைத் தட்டினா அரை வினாடி உறைஞ்சு நின்னுட்டுதான் கிளம்புது. க்யூ பாயிண்டுக்கு (க்ளிப்ல முன்கூட்டியே குறிச்சு வெச்ச இடம்) தாவினாலோ ரிவர்ஸ் போட்டாலோ இன்னும் மோசம்.

கோபுரத்தை மெதுவா பான் பண்ணி (கேமராவைத் திருப்பிக்கிட்டே) எடுத்த காட்சி, தனியா ஒரே லேயர்ல ஓடினாலும் சின்னச் சின்னதா வெட்டுது. அந்த நேரத்துல எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) 60ல அசையாம நிக்குது.

ஒரு மணி நேரம் ஆனதும் எல்லாமே கனமாகி எஃப்பிஎஸ் 40க்குக் கீழ இறங்குது.

எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

#2 டர்பன்_ரிக்

4கே நாலு லேயர்னா 16 ஜிபி ரேம் பத்தாது. 32 ஆக்குங்க. முடிஞ்சா 8 ஜிபி கார்டு உள்ள மெஷினுக்கு மாறுங்க.

#3 ஃபீனிக்ஸ்_எடிட்

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கலாம் தம்பி. நீங்க சொன்ன மூணும் மூணு தனித்தனிக் கோளாறு. ஒரே மருந்து மூணுக்கும் வேலை செய்யாது. அப்படி ஒண்ணைத் தேடினா மாசக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கவேண்டியதுதான்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். திரையில காட்டுற எஃப்பிஎஸ், மென்பொருள் வினாடிக்கு எத்தனை தடவை முழுப் படத்தையும் கட்டி முடிக்குதுங்கிற கணக்கு. க்ளிப்போட அடுத்த ஃப்ரேம் நேரத்துக்கு வந்து சேர்ந்துதாங்கிறதை அது சொல்லாது. ஃப்ரேம் வரலேன்னா பழைய ஃப்ரேமையே திரும்பக் கட்டி, 60ன்னுதான் காட்டும். அதனால:

எஃப்பிஎஸ் விழுந்தா, கார்டுக்கோ சிபியுவுக்கோ மூச்சு முட்டுது. எஃபெக்ட், கம்போசிஷன் அளவு, சூடு, பவர், இந்தப் பக்கம் தேடணும்.

எஃப்பிஎஸ் நிலையா இருந்தும் படம் வெட்டினா, ரெண்டுல ஒண்ணு. டிஸ்க்கோ கோடெக்கோ (வீடியோவைச் சுருக்கி விரிக்கிற முறை) ஃப்ரேமைத் தாமதமாக் கொடுக்குது, இல்லேன்னா க்ளிப்போட ஃப்ரேம் வேகமும் திரையோட ஹெர்ட்ஸும் ஒண்ணுக்கொண்ணு வகுபடலை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் தாளை லேப்டாப் திரையில ஓரமா வெச்சுக்கிட்டு நாலு லேயரையும் ஓட்டுங்க. டிஸ்க் வரியில ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தை ஒட்டி நிக்குதா? ஜிபியு பகுதியில 3டி கோடு எவ்வளவு, வீடியோ டிகோட் கோடு எவ்வளவு? ஜிபியு 0, ஜிபியு 1ன்னு ரெண்டு இருக்கும். எது உழைக்குது? ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கு? இதை இங்க போடுங்க, அப்புறம் பேசலாம்.

#4 சாட்ஸ்வொர்த்_மேடை

பார்த்தாச்சு அக்கா. நாலு லேயர் ஓடும்போது டிஸ்க் ஆக்டிவ் டைம் 100ல ஒட்டிக்கிட்டு நிக்குது. சிபியு 85 சதவீதம். தனி கார்டுல 3டி 55, வீடியோ டிகோட் அலை மாதிரி ஏறி இறங்குது. ரேம் 9 ஜிபிதான்.

#5 ஃபீனிக்ஸ்_எடிட்

அப்போ ரேம் வாங்கவேண்டாம். 16ல 7 காலியாக் கிடக்கு. கார்டும் தவிக்கலை. டிஸ்க்கும் கோடெக்கும்தான் முதல் குற்றவாளி.

எச்.264 ஏன் இந்த வேலைக்கு ஒத்துவராதுன்னு கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா முதல் கோளாறு முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு. எச்.264ல எல்லா ஃப்ரேமும் முழுப்படம் இல்லை. நடுநடுவே ஒரு கீஃப்ரேம் முழுசா இருக்கும். மத்தது எல்லாம் முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற ஃப்ரேம்ல இருந்து என்ன மாறிச்சுங்கிற குறிப்பு மட்டும்தான். எக்ஸ்264 என்கோடரைத் தொடாம விட்டா, ரெண்டு கீஃப்ரேமுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரைக்கும் போகலாம். 25 ஃப்ரேம் வீடியோவுல அது 10 வினாடி. நீங்க ஒரு க்யூ பாயிண்டைத் தட்டறீங்க, அது கீஃப்ரேம்ல இருந்து 200வது ஃப்ரேம்னு வெச்சுக்குங்க. அந்த 200ஐயும் வரிசையா விரிச்சாத்தான் நீங்க கேட்ட ஒரு ஃப்ரேம் கையில கிடைக்கும். ரிவர்ஸ்ல ஒவ்வொரு அடிக்கும் இதே கூத்து. யூடியூப்ல வழுக்கிக்கிட்டு ஓடுற அதே ஃபைல் மேடையில திணறுறதுக்குக் காரணம் இதுதான். அங்க முன்னோக்கி ஒரே திசையில, ஒரே ஒரு ஃபைல் ஓடுது. இங்க நாலு ஃபைல், எங்க வேணும்னாலும் தாவணும்.

டிஎக்ஸ்வி (ரெசல்யூமோட சொந்தக் கோடெக்), ஹேப் (அதே வகை இன்னொண்ணு) ரெண்டும் வேற மாதிரி. ஒவ்வொரு ஃப்ரேமும் தனியா நிக்கும். கிராபிக்ஸ் கார்டு நேரடியாப் புரிஞ்சுக்கிற டெக்ஸ்சர் வடிவத்துல, 4 × 4 பிக்சல் கட்டம் கட்டமா சுருக்கி வெச்சிருக்கும். சிபியு கிட்டத்தட்ட டிஸ்க்ல இருந்து எடுத்துக் கார்டுகிட்ட கொடுக்கிற வேலையை மட்டும் செய்யும். எந்த ஃப்ரேமுக்குத் தாவினாலும் ஒரே நேரம்தான் ஆகும்.

இதுக்கு விலை ஃபைல் அளவு. ஹேப் கணக்கைச் சொல்றேன், டிஎக்ஸ்வியையும் இதை வெச்சே உத்தேசமாப் போட்டுக்கலாம். சாதா ஹேப் ஒரு பிக்சலுக்கு அரை பைட், ஹேப் க்யூவும் (உயர் தரம்) ஹேப் ஆல்ஃபாவும் (ஊடுருவித் தெரியிற பகுதியோட) ஒரு பைட். 4கே ஹேப் க்யூ ஒரு ஃப்ரேம் 8.3 எம்பி. 25 ஃப்ரேம்னா வினாடிக்கு 207 எம்பி. நாலு லேயர்னா 830 எம்பி. சாட்டா எஸ்எஸ்டியோட உச்சமே 550தான். ஹேப்ல ஸ்னாப்பின்னு இன்னொரு சுருக்கமும் இருக்கு, அது இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கும். ஆனா கூட்டம், இலை, தண்ணி மாதிரி நுணுக்கம் நிறைஞ்ச படத்துல பெருசாக் குறையாது. அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

இப்போ உங்க சுவருக்கு வாங்க. 3.91 மி.மீ. பிட்ச் அரை மீட்டர் பேனல்ல 128 × 128 பிக்சல். 12க்கு 6ன்னா 1536 × 768. மொத்தம் 11.8 லட்சம் பிக்சல். 4கே க்ளிப்ல 83 லட்சம். சுவர் காட்டக்கூடியதைப் போல ஏழு மடங்கைத் தூக்கிக்கிட்டு வந்து, கடைசில கீழ கொட்டறீங்க. 1536 × 768ல ஹேப் க்யூ போட்டா ஒரு லேயர் வினாடிக்கு 30 எம்பி, நாலு லேயர் 120. எந்த எஸ்எஸ்டியும் அலட்டிக்காம கொடுக்கும்.

செய்யவேண்டியது:

எடிட்டிங் மென்பொருள்ல 3840 × 2160 க்ளிப்பை மேல 120, கீழ 120 பிக்சல் வெட்டி 3840 × 1920 ஆக்குங்க. அது சரியா 2க்கு 1. அதை 40 சதவீதத்துக்குக் குறைச்சா 1536 × 768. கோபுரக் கலசம் மேல வெட்டுப்படுமான்னு க்ளிப் க்ளிப்பாப் பாருங்க. வெட்டுப்பட்டா மேல விட்டுட்டு கீழ 240ஐயும் எடுங்க.

ரெசல்யூம் தர்ற ஆலிங்கிற மாத்து மென்பொருள் இலவசம், அதுல போட்டு டிஎக்ஸ்வி ஆக்குங்க. ஆல்ஃபா தேவைப்படாத க்ளிப்புக்கு ஆல்ஃபா போடாதீங்க, சும்மா எடை கூடும். வானம், விளக்கொளி, புகை மாதிரி மெல்ல நிறம் மாறுற படத்துக்கு உயர் தரம்; இல்லேன்னா பட்டை பட்டையாத் தெரியும். கோலம், எழுத்து, தட்டை நிறம் உள்ள லூப்புக்கு சாதாத் தரமே போதும்.

கம்போசிஷனையும் 1536 × 768 ஆக்குங்க. எஃபெக்ட் பெரும்பாலும் கம்போசிஷன் அளவுலதான் கணக்குப் போடுது. ப்ளர் மாதிரி எஃபெக்ட் உங்க கார்டுல 55 சதவீதம் தின்னது பெரும்பாலும் இந்த 4கேனாலதான்.

அட்வான்ஸ்டு அவுட்புட்ல ஸ்லைஸை (வெளிய அனுப்புற படத் துண்டு) 1920 × 1080 வெளியீட்டோட மேல் இடது மூலையில, பிக்சலுக்குப் பிக்சல் வையுங்க. நீட்டவோ சுருக்கவோ வேண்டாம்.

#6 பீட்டர்மாரிட்ஸ்பர்க்_மேக்

மேக்கில் விடிஎம்எக்ஸ் (ரெசல்யூம் போன்ற மேடை மென்பொருள்) ஓட்டுபவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். விட்வாக்ஸ் தரும் ஏவிஎஃப் பேட்ச் எக்ஸ்போர்ட்டர் இலவசம். ஹேப் ஆக்குவதற்கு அது போதும். எஃப்எஃப்எம்பெக் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம். அதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அகலமும் உயரமும் 4ஆல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் என்கோடர் மறுத்துவிடும். இரண்டாவது, சங்க் எண்ணிக்கை, அதாவது ஒரு ஃப்ரேமை எத்தனை துண்டாகச் சேமிப்பது என்பது. அது 1 ஆக இருந்தால் ஒரு ஃப்ரேமை விரிக்கும் வேலை முழுவதும் ஒரே கோரின் மேல் விழும். பெரிய படத்துக்கு 4 அல்லது 8 கொடுத்தால் கோர்கள் பங்கிட்டுக்கொள்ளும். 1536 × 768க்கு 1 இருந்தாலும் பாதகமில்லை.

ப்ரோரெஸ் பற்றி வழக்கமாகக் கேள்வி வரும். எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ், எம்2 முதற்கொண்டு ப்ரோரெஸை (ஆப்பிளின் கோடெக்) விரிக்கச் சில்லுக்குள் தனிப் பகுதி உண்டு. சாதா எம்1இல் இல்லை. ஒன்றிரண்டு லேயருக்கு ப்ரோரெஸ் நன்றாகவே ஓடும். பல லேயர், ஸ்க்ராட்ச், ரிவர்ஸ் என்று வந்தால் ஹேப்தான்.

#7 டர்பன்_ரிக்

ரேம் விஷயம் ஏத்துக்கறேன், கணக்கு சரிதான். டிஸ்க் பக்கம் நான் சொல்றேன்.

சுழலுற ஹார்ட் டிஸ்க் ஒரே ஃபைலை நேராப் படிச்சா வினாடிக்கு 100 எம்பி பக்கம் கொடுக்கும். நாலு ஃபைலை ஒரே நேரத்துல கேட்டா ஊசி இங்கும் அங்கும் ஓடியே நேரம் போயிடும், வேகம் சரிஞ்சுடும். ஆக்டிவ் டைம் 100ல நிக்கிறது அதுதான். ஷோ ஃபைலும் க்ளிப்பும் உள் எஸ்எஸ்டியில இருக்கணும். வெளி டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும்.

வெளி எஸ்எஸ்டிதான் வழின்னா போர்ட்டையும் கேபிளையும் பாருங்க. யுஎஸ்பி 3 டிஸ்கை பழைய கேபிள்லயோ நாலு வாய் ஹப்புலயோ சொருகினா சத்தமில்லாம யுஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கிடும். அங்க நிஜத்துல கிடைக்கிறது 35, 40 எம்பி. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டினா உடனே தெரிஞ்சுடும். ஃபார்மேட் எக்ஸ்ஃபேட் இல்லேன்னா என்டிஎஃப்எஸ். ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. ஃபீனிக்ஸ் அக்கா கணக்குப்படி அஞ்சு நிமிஷ க்ளிப்பே 9 ஜிபியைத் தொடும்.

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்க. ஹார்ட் டிஸ்கைத் தூங்க வைக்கிற நேரத்தை பூஜ்யம் ஆக்குங்க. க்ளிப் ஃபோல்டரை டிஃபெண்டர் ஸ்கேன்ல இருந்து விலக்குங்க. ஒன்டிரைவ் அந்த ஃபோல்டரை சிங்க் பண்ணக்கூடாது.

#8 சாட்ஸ்வொர்த்_மேடை

மாத்தி ஓட்டிப் பார்த்தேன். 1536 × 768 டிஎக்ஸ்வி, உள் எஸ்எஸ்டி. தட்டினா உடனே கிளம்புது, ரிவர்ஸும் சரி. சிபியு 15, கார்டு 3டி 20, டிஸ்க் ஆக்டிவ் டைம் ஒற்றை இலக்கம். ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா.

ஆனா கோபுர பான் வெட்டு அப்படியே இருக்கு. துளியும் மாறலை.

#9 டர்பன்_சிக்னல்

மாறாது தம்பி. அது உங்கள் கணினியின் குறை இல்லை, வகுத்தல் கணக்கு.

60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃப்ரேம் வீடியோ. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4. ஒரு ஃப்ரேமை 2.4 தடவை காட்ட முடியாது. எனவே ஒரு ஃப்ரேம் 2 தடவை, அடுத்தது 2, பிறகு 3, பிறகு 2, பிறகு 3 என்று போகும். ஒவ்வொரு ஃப்ரேமும் 40 மில்லிவினாடி நிற்கவேண்டிய இடத்தில் சில 33, சில 50. ஆடும் உருவத்தில் இது மறைந்துவிடும். நேர்க்கோடுகள் நிறைந்த கோபுரம் சீரான வேகத்தில் நகரும்போது கண் உடனே பிடித்துவிடும். எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் இது இப்படித்தான் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் வழி வந்தது. நம் ஊர்க் கேமராக்காரர்கள் 25 அல்லது 50 ஃப்ரேமில் எடுப்பதுதான் வழக்கம். லேப்டாப்பும் கணினித் திரையும் 60இல் பிறந்தவை. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

தீர்வு: வெளியீட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 50ஐ 25ஆல் வகுத்தால் சரியாக 2.

விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே பிராசஸர் இணைந்திருக்கும் திரையைத் தேர்ந்து 50 ஹெர்ட்ஸ் கொடுங்கள். பட்டியலில் 50 இல்லையென்றால் பிராசஸர் தன் எடிட் (EDID: எந்த அளவும் வேகமும் ஏற்பேன் என்று திரை கணினிக்குச் சொல்லும் குறிப்பு) தகவலில் அதைச் சொல்லவில்லை என்று பொருள். நோவாஸ்டார் வகை பிராசஸர்களில் அதன் மென்பொருளிலேயே உள்ளீட்டு எடிட்டை 1920 × 1080, 50 என்று எழுதிவிடலாம். எழுதியபின் எச்டிஎம்ஐயைக் கழற்றி மாட்டுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். சில பிராசஸர் 50 வாங்கிக்கொண்டு பேனலுக்கு 60 அனுப்பும். வெளியீட்டு வேகத்தை உள்ளீட்டோடு பூட்டும் அமைப்பைத் தேடி இயக்குங்கள். கணினிப் பக்கம் எல்லாம் சரியாக வைத்தும் வெட்டு போகாத இடங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லேப்டாப் திரையும் சுவரும் எக்ஸ்டெண்ட் முறையில் இருக்கட்டும்; டூப்ளிகேட் வேண்டாம். லேப்டாப் பேனல் 144 ஹெர்ட்ஸ், சுவர் 50 என்று இருந்தால் விண்டோஸ் எந்தத் திரையின் தாளத்துக்கு ஆடுவது என்று தடுமாறக்கூடும். லேப்டாப் பேனல் 50 ஏற்றால் இரண்டையும் 50 ஆக்குங்கள். ஏற்காவிட்டால் 60க்கு இறக்குங்கள். கம்போசிஷனின் ஃப்ரேம் வேகமும் 50.

சரியாயிற்றா என்று கண்ணால் மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். சோதனைக் க்ளிப் ஒன்று செய்யுங்கள்: 1536 × 768, 25 ஃப்ரேம், கறுப்புப் பின்னணியில் செங்குத்தான வெள்ளைக் கோடு, ஃப்ரேமுக்கு 24 பிக்சல் நகர வேண்டும். 64 ஃப்ரேமில் சுவரைக் கடந்துவிடும். மூலையில் பெரிய எழுத்தில் ஃப்ரேம் எண். இதைச் சுவரில் ஓட்டி, கைப்பேசியில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுத்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு எண்ணும் கைப்பேசியின் 8 ஃப்ரேம், 8, 12, 8, 12 என்று நிற்கும். 50இல் எல்லா எண்ணும் 9 அல்லது 10. எண் ஒன்று காணாமல் போனால், 14க்கு அடுத்து 16 வந்தால், ஃப்ரேம் தவறுகிறது. டிஸ்க்கையும் கோடெக்கையும் பாருங்கள். எண் ஒன்று 19, 20 என்று நின்றால் தாமதமாக வந்து சேர்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி வெட்டாகத் தெரியும் மூன்று கோளாறும் இந்த ஒரு சோதனையில் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

#10 போர்ட்லூயி_லூப்

மொரிஷியஸிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. எங்களுக்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவும் 25தான். ஆனாலும் நான் வெளியீட்டை 60இல்தான் வைக்கிறேன். காரணம், என் க்ளிப்பில் பெரும்பகுதி வாங்கிய லூப், எல்லாம் 30 அல்லது 60 ஃப்ரேம். 50க்குப் போனால் அத்தனையும் வெட்டும்.

#11 டர்பன்_சிக்னல்

அது உங்கள் க்ளிப்புக்குச் சரியான முடிவு. எது அதிகமோ அதன் பக்கம் நிற்க வேண்டும். சாட்ஸ்வொர்த் தம்பிக்குப் பெரும்பகுதி 25. அதனால் 50.

சிறுபான்மையாக நிற்கும் க்ளிப்பை என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 30 ஃப்ரேம் லூப்பை எடிட்டரில் போட்டு 25 ஆக ஏற்றுமதி செய்தால், அது ஆறில் ஒரு ஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிடும். வெட்டு ஃபைலுக்குள்ளேயே பதிந்துபோகும். பிறகு எந்த அமைப்பாலும் எடுக்க முடியாது. ஃப்ரேம் ப்ளெண்டிங் போட்டால் இரட்டை நிழல் விழும்.

சுழலும் கோலம், ஒளித்துகள், புகை போன்ற லூப்புகளுக்கு வேகத்தையே குறைத்துவிடுங்கள். 30 ஃப்ரேம் க்ளிப்பின் வேகத்தை 0.833 ஆக்கினால் வினாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். எல்லா ஃப்ரேமும் உயிரோடு இருக்கும், சீராகவும் இருக்கும். கோலம் கொஞ்சம் மெதுவாகச் சுழல்வதை யாரும் கவனிக்கப்போவதில்லை. 60 ஃப்ரேம் லூப்புக்கும் அதே 0.833, அது 50 ஆகிவிடும். பாட்டோடு சேர்ந்து ஓடவேண்டிய ஆட்டக் காட்சிக்கு மட்டும் இது ஆகாது.

பிபிஎம் சிங்க் போட்ட (பாட்டின் தாள வேகத்தோடு பூட்டிய) க்ளிப்புக்கு இந்தக் கணக்கு நிற்காது, ஏனென்றால் தாளம் மாறினால் வேகமும் மாறும். அப்படி ஓட்டவிருக்கும் லூப்பை 50 அல்லது 60 ஃப்ரேமில் ரெண்டர் செய்து வாங்குங்கள். ஃப்ரேம் அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு தவறினாலும் கண்ணில் குத்தாது.

#12 போர்ட்லூயி_லூப்

0.833 நல்ல வழி. என்னிடம் சிறுபான்மையாக இருக்கும் 25 ஃப்ரேம் காவடிக் காட்சிகளுக்குத் தலைகீழாக 1.2 போடலாம், 30 ஆகிவிடும். ஆனால் மனிதர் நடக்கும் காட்சியில் 1.2 விரைவு தெரிகிறது. அவற்றை வேகம் மாற்றாமல் சிறிய லேயரிலோ, கேமரா நகராத காட்சியாகவோ பார்த்து வைப்பதுதான் வழி.

நேரலைக் கேமரா சேர்ப்பவர்களுக்கு ஒன்று. 1080ஐ50 (1080i50, ஒற்றை வரி, இரட்டை வரி என்று பாதிப் பாதியாக வரும் இன்டர்லேஸ்) சிக்னலை அப்படியே கேப்சர் கார்டில் வாங்கினால் கை அசையும்போது சீப்புப்பல் மாதிரி கோடு வரும். கேமராவையே 1080பி50 ஆக்குங்கள். முடியாவிட்டால் டீஇன்டர்லேஸ் போடுங்கள். அந்தச் சுவரையே கேமராவில் எடுப்பதாக இருந்தால் ஷட்டர் 1/50. என்டிஐ (நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் முறை) வழியாக வாங்கினால் வைஃபையை மறந்துவிடுங்கள். ஒரு 1080பி50 ஓடை 100 மெகாபிட்டைத் தாண்டும். கிகாபிட் கேபிள், தனி ஸ்விட்ச்.

#13 லெனேசியா_பவர்

மூணாவது கோளாறை இன்னும் யாரும் தொடலை. ஒரு மணி நேரம் கழிச்சு கனமாகுதுன்னா எனக்கு ரெண்டுதான் தோணுது: சூடு, இல்லேன்னா சார்ஜர்.

எச்டபிள்யூஇன்ஃபோ போட்டு சிபியு சூடு, ஜிபியு சூடு, ஜிபியு க்ளாக், இந்த மூணையும் ஆரம்பத்துல ஒரு தடவை, கனமாகும்போது ஒரு தடவை குறிச்சு வையுங்க. சூடு ஏறி க்ளாக் இறங்கியிருந்தா த்ராட்லிங், அதாவது சூடு தாங்காம சிப் தானா வேகத்தைக் குறைக்குது. சூடு சாதாரணமா இருந்து க்ளாக் மட்டும் இறங்கியிருந்தா பவர்.

சூட்டுக்கு: லேப்டாப் பின்பக்கத்தை ரெண்டு விரல் உயரத்துக்குத் தூக்குங்க. ஆம்ப் ரேக் மேல வைக்காதீங்க, மேசை விரிப்பு மேலயும் வேண்டாம். அடியிலதான் காத்து இழுக்குது. டர்பன்ல தைப்பூசம் வர்ற ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்துல ஏசி இல்லாத ஹால்னா விசிறி ஒண்ணு நேரா வையுங்க. பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினா இன்டெல் மெஷின்கள்ல டர்போ நின்னுடும், சூடு நல்லாவே இறங்கும். டிஎக்ஸ்விக்கு மாறிட்டதால சிபியுவுக்கு இப்போ வேலை கம்மி, டர்போ இல்லாததை உணரவே மாட்டீங்க. எச்.264 ஓட்டும்போது இதைச் செஞ்சா எதிர்விளைவுதான், அதனால வரிசை முக்கியம்.

சார்ஜருக்கு: கேமிங் லேப்டாப்புக்கு அதோட கூட வந்த 180 வாட், 230 வாட் சார்ஜர்தான் வேணும். 65 இல்லேன்னா 100 வாட் டைப் சி சார்ஜர்ல ஓட்டினா சார்ஜ் ஆகுதுன்னு காட்டும். ஆனா பளுவுல பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டும், பேட்டரி இறங்கினதும் கார்டை அடக்கிடும். இது மெதுவா நடக்கிறதால சூடுன்னு நினைச்சுக்குவாங்க.

லோட்ஷெடிங் நேரத்துக்கும் இதே பாடம். கரண்ட் போனா லேப்டாப் அணையாதுன்னு நிறையப் பேர் அதை யுபிஎஸ்ல போடறதில்லை. அணையாது, உண்மைதான். ஆனா பேட்டரிக்கு மாறின அந்த நொடியே ஜிபியு க்ளாக் விழும், நாலு லேயரும் தள்ளாடும். லேப்டாப் சார்ஜர், எல்இடி பிராசஸர் ரெண்டையும் சின்ன யுபிஎஸ்ல போடுங்க. 1000 விஏ லைன் இன்டராக்டிவ் போதும். ரெண்டும் சேர்ந்தாலும் 300 வாட்டைச் சுத்தித்தான். ஜெனரேட்டர் ஏறுற வரைக்கும் தாங்கும். எல்இடி சுவரை அதுல மாட்டாதீங்க, யுபிஎஸ் உடனே விழுந்துடும். சுவர் கறுத்துப்போய் ஜெனரேட்டர்ல திரும்ப வரும்போது பிராசஸர் உயிரோட இருந்தா படம் உடனே வந்துடும். பிராசஸரும் அணைஞ்சிருந்தா அது பூட் ஆகி சிக்னல் பிடிக்கிற வரைக்கும் மேடை இருட்டுதான்.

#14 ஃபீனிக்ஸ்_எடிட்

லெனேசியா அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துப் பாருங்க. விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்புல ரெசல்யூமுக்கு ஹை பெர்ஃபாமன்ஸ் கொடுங்க. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல பவர் மேனேஜ்மென்டை ப்ரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸ் ஆக்குங்க. அங்கேயே பிஸ்எக்ஸ் (PhysX)ங்கிற பக்கத்துல எந்தத் திரை எந்த கார்டுல கோத்திருக்குன்னு படமாக் காட்டும். எச்டிஎம்ஐ உள் கிராபிக்ஸ்ல கோத்திருந்தா, தனி கார்டு கட்டின ஒவ்வொரு ஃப்ரேமும் உள் கார்டுக்கு நகல் ஆகித்தான் வெளிய போகும். சில லேப்டாப்புல டைப் சி போர்ட் மட்டும் தனி கார்டோட நேரா இருக்கும். அப்போ டைப் சியில இருந்து எச்டிஎம்ஐ அடாப்டர் போடறது நல்லது.

வைஃபையும் ப்ளூடூத்தும் அணைச்சிடுங்க. சில வைஃபை டிரைவர் அவ்வப்போது சிபியுவைப் பிடிச்சு வெச்சுக்கும். லேட்டன்சிமான் ஓட்டினா எந்த டிரைவர்னு பேரோட சொல்லும்.

#15 சாட்ஸ்வொர்த்_மேடை

முடிவுகள்:

50 ஹெர்ட்ஸ்: பட்டியல்ல இல்லை. எடிட் எழுதினதும் வந்துது. முதல்ல ஸ்லோமோஷன்ல இன்னமும் 8ம் 12மாத்தான் இருந்துது. பிராசஸர் பேனலுக்கு 60 அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. உள்ளீட்டோட பூட்டினதும் எல்லா எண்ணும் 9, 10. கோபுரம் வழுக்கிக்கிட்டுப் போகுது.

சூடு: ஆரம்பத்துல சிபியு 70. ஒரு மணி நேரம் கழிச்சு பழைய க்ளிப்புல 97, ஜிபியு க்ளாக் பாதியாச்சு. டிஎக்ஸ்வியும் 99 அமைப்பும் போட்டு மூணு மணி நேரம் விட்டப்போ 74ஐத் தாண்டலை, எஃப்பிஎஸ் 50ல நிலையா நின்னுது. சார்ஜர் கூட வந்ததுதான்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ரெண்டு தடவை சுவர் முழுக்க ஒரு வினாடி கறுத்துத் திரும்ப வந்துது. ரெசல்யூம்ல எதுவும் நிக்கலை.

#16 டர்பன்_சிக்னல்

ரெசல்யூம் ஓடிக்கொண்டே இருந்து சுவர் மட்டும் கறுத்தால் அது க்ளிப் கோளாறு இல்லை. எச்டிஎம்ஐ இணைப்பு அறுந்து திரும்பக் கைகுலுக்குகிறது. 15 மீட்டருக்கு மேற்பட்ட செப்புக் கேபிளா என்று பாருங்கள். அப்படியென்றால் ஃபைபர் எச்டிஎம்ஐ போடுங்கள், அல்லது எஸ்டிஐக்கு (ஒளிபரப்பில் பயன்படும் கேபிள் முறை) மாற்றி அனுப்புங்கள். ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை லேப்டாப் பக்கம். சிறிய கேபிளாகவே இருந்தால் போர்ட் தளர்வு; லேப்டாப் பக்க முனையை டேப் போட்டு மேசையோடு கட்டி, கேபிளின் எடை போர்ட்டில் தொங்காமல் பாருங்கள். பிராசஸர் மின் இணைப்பும் லைட் டிம்மரும் ஒரே ஃபேஸில் இருந்தால் அதைப் பிரித்து, யுபிஎஸ்ஸில் போட்டபின்னும் கறுக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#17 சாட்ஸ்வொர்த்_மேடை

20 மீட்டர் செப்பு. ஃபைபர் வாடகைக்கு எடுத்து மாட்டினேன், நிகழ்ச்சி முழுக்க ஒரு தடவைகூட கறுக்கலை. தலைப்புல தீர்ந்ததுன்னு போட்டுடறேன். ஸ்லோமோஷன் சோதனைக் க்ளிப்பை 25, 30, 50, 60 நாலு வேகத்துலயும் 1536 × 768, 1920 × 1080 ரெண்டு அளவுலயும் செஞ்சு கோப்புப் பகுதியில ஏத்தியிருக்கேன், வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்.